புகார்: ஜனவரியைக் காட்டி ஆகஸ்டை விற்ற மசட்லான் திட்டம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் பக்கத்தில் போட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். முன்பதிவு எண் மின்னஞ்சலின் தலைப்பில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் கனடாவின் கால்கரியிலிருந்து குடும்பத்தோடு மெக்சிகோவின் மசட்லான் போய்வந்தோம். வீடு, கார் இரண்டுமே உங்கள் மூலமாகப் பதிவு செய்தவை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாயங்காலம் பிளாசுவெலா மச்சாடோ சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், கதவில்லாத அந்தப் புல்மோனியா வண்டியில் பிள்ளைகளோடு கடற்கரைச் சாலையில் போவதும் எங்கள் எல்லோருக்கும் பிடித்துதான் இருந்தது. என் புகார் நீங்கள் கொடுத்த மசட்லான் பயணக் கையேட்டின் மீதும், அதைக் காட்டி எங்கள் தலையில் கட்டிய வீட்டின் மீதும்தான்.

அந்தக் கையேட்டின் பெரும்பகுதி, அங்கே சுற்றுலா போனவர்களும் அங்கேயே குடியேறிவிட்ட கனடா, அமெரிக்கக்காரர்களும் சொன்ன அனுபவங்கள். நல்ல யோசனைதான், விளம்பரத்தை விட அனுபவப்பட்டவர் பேச்சை நம்பலாம் என்றுதான் நானும் வரிவிடாமல் படித்தேன். ஆனால் ஒவ்வொன்றின் கீழும் 'ஓய்வுபெற்ற ஆசிரியை', 'எட்மண்டன் தம்பதி' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். எந்த மாதம் போனார்கள், எந்த வருடம், ஊரில் எந்தப் பக்கம் தங்கினார்கள் என்பது ஒன்றில்கூட இல்லை. பதிவு செய்வதற்கு முன் உங்கள் ஊழியரிடம் ஃபோனில் நேராகவே கேட்டேன், ஆகஸ்டில் அங்கே எப்படி இருக்கும் என்று. "கையேட்டைப் பாருங்க சார், போனவங்க எல்லாரும் சொன்னது அதுலயே இருக்கு" என்றார்.

திரும்பி வந்த பிறகு அதே கையேட்டை மறுபடி எடுத்து, இவர்கள் எல்லாம் எப்போது போனவர்கள் என்று பார்த்தேன். நீங்கள் தேதியை எடுத்துவிட்டாலும் அவர்கள் பேச்சிலேயே தேதி இருக்கிறது. ஒருவர் படகில் போய்க் கூனல்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்த்ததாகச் சொல்கிறார், அவை அந்தக் கடலுக்கு வருவது டிசம்பர் முதல் மார்ச் வரையிலான குளிர்காலத்தில். ஒரு தம்பதி கார்னிவல் ஊர்வலத்தைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். 1898 முதல் நடக்கும் அந்தத் திருவிழா தவக்காலத்துக்கு முந்தைய வாரத்தில் வரும், அதாவது பிப்ரவரி அல்லது மார்ச் தொடக்கம். இன்னொருவர் பட்டப்பகலில் நாலு நிமிடத்துக்கு மேல் இருட்டிவிட்டதையும் மலெகோன் என்ற கடற்கரை நடைபாதை முழுக்க ஜனம் அண்ணாந்து நின்றதையும் உருகி உருகிச் சொல்கிறார், அது 2024 ஏப்ரல் 8 முழுச் சூரிய கிரகணம், வேறெதுவாகவும் இருக்க முடியாது.

குடியேறி வருடக்கணக்காக இருப்பதாகச் சொல்லும் ஒருவர், ஏப்ரலில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க மறக்காதீர்கள் என்று அறிவுரை சொல்கிறார். மெக்சிகோ 2022 அக்டோபரோடு அந்த வழக்கத்தையே கைவிட்டுவிட்டது, அமெரிக்க எல்லையை ஒட்டிய சில ஊர்களில்தான் இன்னும் இருக்கிறது. அப்படியானால் இந்தக் கருத்து எவ்வளவு பழையது? "மாலையில் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள்" என்றவர் எந்த மாதம் போயிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மொத்தக் கையேட்டிலும் கோடையைப் பற்றி ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடப் பேசவில்லை.

ஆகஸ்டில் மசட்லான் எப்படி இருக்கும் என்பது ரகசியமும் இல்லை. பகலில் 32, 33 டிகிரிதான், சென்னையில் பிறந்த எனக்கு அந்த எண் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் ராத்திரியானாலும் இறங்குவதில்லை. அது மழைக்காலம், இடி மின்னலோடு கொட்டும், கொசு வரும், பசிபிக் புயல் பருவமும் மே நடுவில் தொடங்கி நவம்பர் முடிய ஓடும். கையேட்டில் அந்த ஊர் நாடக அரங்கத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, ஆங்ஹெலா பெரால்டா என்ற பெரிய பாடகியின் பெயர் வைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா 1883இல் அங்கே பாட வந்து மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார், மாதம் ஆகஸ்ட். அதையாவது போட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்போம்!

இப்போது வீட்டுக்கு வருகிறேன். "கடல்காற்று போதும், ஏசி தேவையே படவில்லை" என்ற எட்மண்டன் தம்பதியின் வரியைத்தான் வீட்டு விளம்பரத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். வீட்டில் இருந்தது ஒரே ஏசி, படுக்கையறையில். மற்ற அறைகளில் மின்விசிறி. என் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல், அவரையும் பிள்ளைகளையும் அந்த ஒரு அறையில் படுக்கவைத்துவிட்டு நாங்கள் இருவரும் கூடத்தில் வேர்த்துக்கொண்டு கிடந்தோம். அந்த ஏசியும் ஒரு சாயங்காலம் நின்றுபோனது. உங்கள் உதவி எண்ணுக்கு அடித்தால் நேரம் முடிந்துவிட்டது என்று பதிவுசெய்த குரல். மணி அங்கே ஏழேகால்தான், உங்கள் எண் இரவு எட்டு வரை. ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. 'கால்கரிக்கும் மசட்லானுக்கும் நேர வித்தியாசம் கிடையாது' என்று கையேட்டில் இருப்பது குளிர்காலத்தில் மட்டும் உண்மை. கோடையில் கால்கரி கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, மசட்லான் தள்ளுவதில்லை, ஆக ஒரு மணி நேரம் வித்தியாசம். எங்களுக்கு ஏழேகால் என்றால் உங்களுக்கு எட்டேகால். ஏசி சரியானது மறுநாள் மதியம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்ததால்.

கிளம்பும்போது வீட்டுக்காரர் மின்சாரக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டார். "நியாயமான பயன்பாட்டுக்கு மின்சாரம் உட்பட" என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது, நியாயம் என்றால் எவ்வளவு என்று எங்கும் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பில்லை எடுத்துக் காட்டியே விளக்கினார்: அங்கே மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது, வருடச் சராசரி ஒரு அளவைத் தாண்டிவிட்டால் அரசு மானியம் போய் உயர்நுகர்வுக் கட்டணத்தில் தள்ளிவிடுவார்கள். கோடையில் வாடகைக்கு விடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. உங்களுக்கு மட்டும் தெரியாதா?

அடுத்தது சத்தம். "அலை ஓசையைத் தவிர வேறு சத்தமே இல்லை" என்று ஓய்வுபெற்ற ஆசிரியை சொல்கிறார். அவர் பேச்சைக் கவனித்துப் படித்தால் அவர் இருப்பது வடகோடியில் செரிட்டோஸ் பக்கம், அடுக்குமாடியில். நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது பழைய நகரத்தில், ஓலாஸ் ஆல்டாஸ் கடற்கரையில். மலெகோன் மட்டுமே சுமார் 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஊர் அது, அந்தக் கோடியில் இருப்பவருடைய அமைதியை இந்தக் கோடியில் இருக்கும் வீட்டுக்கு ஒட்டினால் எப்படி? ஜூலை, ஆகஸ்ட் மெக்சிகோவில் பள்ளி விடுமுறை, டுராங்கோ, டொரியோன், மான்டெரே என்று உள்நாட்டுக் குடும்பங்கள் திரண்டு வரும் காலம். ராத்திரி ஒரு மணிக்கும் ஸ்பீக்கர் கட்டிய திறந்த வண்டிகள் ஜன்னலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாண்டா குழுக்கள் (பாண்டா என்பது அந்த ஊர் ஊதுகருவி இசை) டியூபா என்ற பெரிய ஊதுகருவியும் தம்போரா என்ற பெரிய மேளமுமாக ஆளுக்கொரு பாட்டை வாசித்துக்கொண்டிருந்தன.

இதில் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இசை அந்த மண்ணுடையது, உலகம் சுற்றும் பாண்டா எல் ரெகோடோ குழு 1938இல் உருவானது அதே மசட்லானைச் சேர்ந்த ஒரு கிராமத்தில்தான். 2024 மார்ச்சில் கடற்கரையில் பாண்டாவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சில ஓட்டல்காரர்கள் கிளம்பியபோது இசைக்கலைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், என்னைக் கேட்டால் நியாயம் கலைஞர்கள் பக்கம்தான். விருந்தாளி வந்து வீட்டுக்காரரை வாயை மூடச் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சண்டை செய்தியில் வந்து ஊரே அறிந்த பிறகும், 'அலை ஓசை மட்டும்' என்று அச்சடித்து எங்களுக்கு விற்றது நீங்கள். சொல்லியிருந்தால் செரிட்டோஸ் பக்கம் வீடு கேட்டிருப்போம், அவ்வளவுதான்.

சாப்பாடு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "சைவத்துக்குக் கவலை வேண்டாம், சோறும் பீன்ஸும் எங்கும் கிடைக்கும்" என்று ஒருவர். மசட்லான் இருக்கும் சினலோவா மாநிலத்தில் பீன்ஸ் என்று கேட்டால் பல கடைகளில் வருவது ஃப்ரிஹோலெஸ் புவர்கோஸ், பன்றிக் கொழுப்பும் சொரிசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் போட்டு மசித்தது. மாமியார் ஒரு வாய் வைத்ததுமே தட்டைத் தள்ளிவிட்டார், அன்று முழுக்கப் பழத்தோடு சரி. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மன்டெகாவும் (அதுதான் அந்தக் கொழுப்பு) வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பங்களுக்கு என்று கையேடு போடும் நிறுவனம் இந்த ஒரு வரியைச் சேர்க்கக் கூடாதா? அன்று எங்களைக் காப்பாற்றியது பினோ சுவாரெஸ் சந்தையில் வாங்கிய மாம்பழம். மாநிலத்தின் தெற்கே எஸ்குவினாபா பக்கம் மாம்பழத்துக்குப் பேர்போனது, நாங்கள் போனபோது சந்தை முழுக்க மணந்தது. கோடையில் அங்கே இருக்கும் அந்த ஒரு நல்ல விஷயம்கூட உங்கள் கையேட்டில் இல்லை.

கடைசியாக ஒன்று, இதற்கு நான் பணம் கேட்கவில்லை, ஆனால் இதுதான் எனக்கு அதிகக் கோபம். காரை எடுத்துக்கொண்டு மாநிலத் தலைநகர் குலியகானுக்கு ஒருநாள் பயணம் போய்வாருங்கள் என்று கையேட்டில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அந்த நகரத்தில் போதைக் கும்பலின் இரு பிரிவுகளுக்குள் வெடித்த சண்டை உலகச் செய்தி. அமெரிக்க வெளியுறவுத் துறை சினலோவாவைப் போகவே வேண்டாம் என்ற நான்காம் நிலையில் வைத்திருந்தது, தங்கள் ஊழியர்கள் மசட்லானுக்கு வான்வழியாகவோ கடல்வழியாகவோ மட்டும் போகலாம், அங்கேயும் சோனா டொராடா என்ற சுற்றுலாப் பகுதியையும் பழைய நகர மையத்தையும் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தது. எங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டபோது, அரசு எச்சரிக்கை உள்ள பகுதிக்குப் போனால் பொறுப்பேற்க மாட்டோம் என்றார்கள். நாங்கள் போகவில்லை, மசட்லானுக்குள் எங்களுக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. ஆனால் உங்கள் கையேட்டை நம்பி யாராவது பிள்ளைகளோடு கிளம்பிப் போயிருந்தால்?

சரி, நான் கேட்பது இதுதான். இரண்டாவது ஏசி இல்லாததற்கும் ஏசி நின்ற நாளுக்கும் சேர்த்து வாடகையில் ஒரு பகுதியையும், நாங்கள் தனியாகக் கட்டிய மின்கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மின்வாரிய பில், மெக்கானிக் ரசீது, உங்கள் ஊழியரோடு நான் ஃபோனில் பேசிய தேதி எல்லாம் இணைப்பில் உள்ளன. குலியகான் பயணம் பற்றிய பக்கத்தை உடனே எடுக்க வேண்டும், அச்சில் இருப்பதற்கு ஒரு திருத்தத் தாளாவது வைத்து அனுப்புங்கள். மீதி அனுபவங்கள் ஒவ்வொன்றின் கீழும் மாதம், வருடம், தங்கிய பகுதி மூன்றையும் போடுங்கள், தெரியாவிட்டால் அந்த அனுபவத்தைப் போடாதீர்கள்.

அப்புறம், 'உங்கள் மசட்லான் நினைவுகளைப் பகிருங்கள்' என்று நேற்று ஒரு படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். புல்மோனியா பற்றியும் மாம்பழம் பற்றியும் நான் மேலே எழுதிய இரண்டு வரிகளை மட்டும் கத்தரித்துப் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. போடுவதாக இருந்தால் கடிதம் முழுவதையும் போடுங்கள்.

பதிலை மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள், ஃபோனில் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் வரவில்லை என்றால் கடன் அட்டை நிறுவனத்திடம் இந்தத் தொகையை மறுத்து மனு கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஆகஸ்டில் மசட்லான் போன உங்கள் வாடிக்கையாளர்