புகைச் சோதனையில் தேறாத கார்: எமிஷன் வாரண்டி மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்
கார் உரிமையாளர்,
புதுக்கோட்டை.

பெறுநர்
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் உற்பத்தி நிறுவனம்.

நாள்: 18.08.2025

பொருள்: புகைச் சோதனையில் தேறாத காரின் பழுதுச் செலவு முழுவதையும் எமிஷன் வாரண்டியின் (புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களுக்கான உத்தரவாதம்) கீழ் நிறுவனமே ஏற்கக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

2023 ஜூன் மாதம் உங்கள் நிறுவனத்தின் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்கு உட்பட்ட) பெட்ரோல் கார் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினேன். இதுவரை 34,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. எல்லா சர்வீஸும் உங்கள் அங்கீகாரம் பெற்ற டீலரிடம்தான் செய்திருக்கிறேன். வெளி மெக்கானிக் யாரும் அந்த என்ஜினைத் தொட்டதில்லை. கடந்த ஜூனில் பொல்யூஷன் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்கப் போனபோது கார் தேறவில்லை. சரிசெய்ய டீலர் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் ரூ.61,400. இந்தச் செலவை நான் ஏற்க வேண்டியதில்லை என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

சோதனை மையத்தில் தந்த சீட்டின் நகலை இணைத்துள்ளேன். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 1.4 சதவீதம் காட்டியது. இந்த வகைக் காருக்கு வரம்பு 0.3. ஹைட்ரோகார்பன் 390 பிபிஎம் (பத்து லட்சத்தில் 390 பங்கு), வரம்பு 200. என்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றி எடுத்த லாம்டா, அதாவது காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் எண், 0.91; அது 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். லாம்டா ஒன்றுக்குக் கீழே இறங்கினால், காற்றின் அளவுக்குப் பொருந்தாமல் பெட்ரோல் கூடுதலாகப் பாய்கிறது என்று அர்த்தம். சோதனை எடுத்த இளைஞர் என்னைக் காரின் பின்பக்கம் அழைத்துப் போய், "சார், இத பாருங்க" என்று சைலன்சர் வாயில் விரலால் ஒரு சுற்றுத் துடைத்துக் காட்டினார். விரலில் மை அப்பியதுபோல் கரி. "ரெண்டு வருஷ வண்டிக்கு இப்படி இருக்கக் கூடாது சார், கம்பெனியில காட்டுங்க" என்றார்.

காட்டினேன். உங்கள் டீலர் ஸ்கேனர் போட்டுப் பார்த்து இரண்டு கோடுகளை, அதாவது பழுதுக் குறியீடுகளைச் சொன்னார்கள். ஒன்று பி 0135: புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்று பழுது. மற்றது பி 0420: புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்ய வேண்டிய அளவுக்குச் செய்யவில்லை. இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். பெரும் பணம் கன்வர்ட்டருக்குத்தான். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருப்பதால் விலை அப்படி.

இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது முதல் கோடு. அது ஜூனில் புதிதாக முளைத்ததல்ல. பிப்ரவரி சர்வீஸின்போதே செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்று சொல்லித்தான் வண்டியை விட்டேன். அன்றைய ஜாப் கார்டின் (சர்வீஸ் வேலைகளைக் குறிக்கும் சீட்டு) கீழ் ஓரத்தில் மெக்கானிக் தன் கையெழுத்தில், "பி 0135, கோடு அழிக்கப்பட்டது, ஓகே" என்று பேனாவால் எழுதியிருக்கிறார். சென்சாரை மாற்றவில்லை. வயரைச் சோதித்ததாகவும் குறிப்பு இல்லை. விளக்கை அணைத்து வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பக் கொண்டுபோனேன், திரும்பவும் அழித்தார்கள். "இது சும்மா சென்சார் எரர் சார், ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னதை நம்பி ஓட்டினேன். அந்த மாதங்களில் மைலேஜ் குறைந்ததையும் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஜாப் கார்டில் பதிவாகியிருக்கிறது.

ஹீட்டர் செத்த சென்சார் சூடேறி வேலைக்கு வர வெகு நேரம் பிடிக்கும். அதுவரை என்ஜின் கணினிக்குப் புகைக்குழாயில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. முன்கூட்டி எழுதிவைத்த கணக்குப்படி பெட்ரோலைத் தாராளமாகவே விடும். எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். தாங்க முடியாத சூட்டில் உள்ளிருக்கும் தேன்கூட்டு அடுக்கு உருகிக் கெடும். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் உள்ள எந்த அனுபவசாலியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். பிப்ரவரியில் ஒரு சென்சாரை மாற்றியிருந்தால் போயிருக்கும் விஷயம். அப்போது இரண்டு வருட சாதாரண வாரண்டியே உயிரோடு இருந்தது.

டீலர் மறுத்த விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காரணம் ஒவ்வொரு முறையும் மாறியது. முதலில், "ரெண்டு வருஷம் முடிஞ்சிருச்சு சார், எக்ஸ்டெண்டட் வாரண்டி நீங்க எடுக்கல" என்றார்கள். வீட்டுக்கு வந்து ஓனர்ஸ் மேனுவலைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். எமிஷன் வாரண்டி என்று தனியாக ஒரு பக்கமே இருக்கிறது. 2001 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு அது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 115(2)-ஆம் விதியில் உள்ள புகை அளவுகளில் கார் தேறாவிட்டால், அதற்குக் காரணமான பாகம் பழுதென்று தெரிந்தால், விற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டு அல்லது 80,000 கிலோமீட்டர் வரை இலவசமாக மாற்றித் தரப்படும் என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். பாகங்களின் பட்டியலில் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கிறது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இருக்கிறது.

மேனுவலைக் கையில் கொண்டுபோனதும், முந்தைய காலத்துக்கான பொல்யூஷன் சர்டிபிகேட் இருந்தால்தான் செல்லும் என்றார்கள். அந்த நிபந்தனை மேனுவலில் இருப்பது உண்மை. என்னிடம் அது இருக்கிறது. 2024 ஜூனில் எடுத்து, ஓராண்டு முழுக்கச் செல்லுபடியான சர்டிபிகேட். அரசின் வாகன் தளத்திலும் பதிவாகியிருக்கிறது. அதை நீட்டியதும் மூன்றாவது காரணம் வந்தது: பெட்ரோல் சரியில்லை, இப்போது வருகிற எத்தனால் பெட்ரோலால்தான் கன்வர்ட்டர் போயிற்று, அதற்கு வாரண்டி கிடையாது.

இந்த மூன்றாவது காரணம் எனக்குக் கடும் கோபத்தைத் தந்தது. டேங்கிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோலை யாரும் மாதிரி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அறிக்கையைக் காட்டட்டும். பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஸ்டிக்கர் ஒட்டி விற்றவர்களும் நீங்கள்தான். மேலும், எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கலப்பு கூடினால் லாம்டா மேலே ஏறப் பார்க்குமே தவிர, 0.91-க்கு இறங்காது. என் சீட்டில் உள்ள எண்ணும் டீலர் சொல்லும் காரணமும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. உங்கள் தொழில்நுட்பப் பிரிவு இந்த ஒன்றை மட்டும் பரிசீலித்தாலே போதும்.

கடைசியாக ஒரு சலுகை சொன்னார்கள். நல்லெண்ண அடிப்படையில் கன்வர்ட்டர் விலையில் 30 சதவீதம் தள்ளுபடி; மீதித் தொகையைத் தவணையில் கட்ட ஒரு நிதி நிறுவனத்தோடு ஏற்பாடு; பதிலுக்கு, இது குறித்து இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் கையெழுத்துப் போடவில்லை. காரோடு சேர்த்து விற்ற உறுதிமொழியைத்தான் கேட்கிறேன். அதைத் தள்ளுபடியாகவும் கடனாகவும் உருமாற்றித் தருவதை ஏற்க மாட்டேன்.

அன்று அதே கவுண்டரில் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர் இருந்தார். அவருடையதும் மூன்று வருடம் ஆகாத கார், அதே கன்வர்ட்டர் பழுது. அவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, பென்ஷன் பணத்தில் கட்டிவிட்டார். மேனுவலில் இப்படி ஒரு பக்கம் இருப்பதை நான் சொல்லித்தான் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். அவர் முகம் போன போக்கு என் மனதை விட்டு இன்னும் அகலவில்லை. வாரண்டி இருப்பதை வாடிக்கையாளரிடம் சொல்லும் கடமை உங்கள் கவுண்டருக்கு இருந்திருக்க வேண்டும்.

என் கார் ஜூன் முதல் வாசலில் நிற்கிறது. செல்லுபடியாகும் சர்டிபிகேட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ரூ.10,000 வரை அபராதம்; ஓட்டுநர் உரிமத்தையும் நிறுத்திவைக்கலாம். கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது.

நான் கேட்பது இதுதான். ஆக்சிஜன் சென்சாரையும் கன்வர்ட்டரையும் எமிஷன் வாரண்டியின் கீழ் எனக்கு எந்தச் செலவும் இல்லாமல் மாற்றித் தாருங்கள். பழுது கண்டறியும் கட்டணமாக வாங்கிய தொகையைத் திருப்பித் தாருங்கள். மாற்றிய பின் புகைச் சோதனைக்கு நீங்களே அனுப்பி, தேறிய சர்டிபிகேட்டோடு வண்டியை ஒப்படையுங்கள். மறுப்பதானால், எந்த நிபந்தனையின்படி, எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று எழுத்தில் தாருங்கள். இதுவரை எல்லா மறுப்பும் வாய்மொழியாகவே வந்திருக்கிறது. கழற்றிய பாகங்களை எனக்குத் தெரியாமல் அப்புறப்படுத்தக் கூடாது. அந்தப் பெரியவரைப் போல, மூன்று ஆண்டுக்குள் காசு கட்டியவர்களின் பில்களையும் டீலரிடம் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். அவர் சார்பாக இதைக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை என்றாலும் கேட்கிறேன்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வப் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். பாகங்களை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிப்ரவரி ஜாப் கார்டும் லாம்டா சீட்டும் அங்கே முதல் ஆவணங்களாக இருக்கும்.

இரண்டு ஜாப் கார்டுகள், எஸ்டிமேட், 2024 சர்டிபிகேட், தேறாத சோதனைச் சீட்டு, மேனுவலின் வாரண்டிப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். சர்டிபிகேட் இல்லாததால் வண்டியை நான் ஓட்டி வர முடியாது. எடுத்துப்போக உங்கள் வாகனம் வரும் தேதியைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்