இடப்பக்கம் நகர்ந்த திரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய புகைப்படத்தை நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன். உன் மானிட்டரில் தெரியும் படம் முழுவதும் இடப்பக்கம் நகர்ந்து, மெனுக் குறிகளில் பாதி சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. வலப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை நிற்கிறது. மூன்று நாளாக இதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறாய் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் உன் கணினியின் இயங்குதளமான லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவப்போவதாக எழுதியிருந்தாயே, அதை மட்டும் செய்துவிடாதே. அதே கேபிளும் அதே மானிட்டரும் இருக்கும்வரை படம் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பார். அதில் நான்கு ஓரங்களும் முழுமையாக இருந்தால், கணினி சரியாகவே வரைந்திருக்கிறது, கோளாறு அதற்குப் பிந்தைய வழியில் இருக்கிறது என்று பொருள். அடுத்து மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவைத் திற. அது வழக்கமான இடத்தில் வந்து, பின்னால் உள்ள படம் மட்டும் தள்ளி நின்றால், திரையில் பழுதில்லை. வரும் சமிக்ஞையில் படம் எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் தவறாகக் கணிக்கிறது. நீ பயன்படுத்தும் நீலத் தலை வி.ஜி.ஏ. கேபிளில் இது அடிக்கடி நேர்வதுதான்.

அந்த மானிட்டரில் படத்தின் இடத்தைத் தானாகச் சரிசெய்யும் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தியும் பயனில்லை என்றாய். உன் வால்பேப்பர் கறுப்பு நிறம் என்பதைக் கவனித்தேன். ஓரம் இருண்டிருந்தால், படம் எங்கே முடிந்து வெற்றிடம் எங்கே தொடங்குகிறது என்று மானிட்டரால் பிரித்தறிய முடியாது. வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுவதும் விரித்துவிட்டு அதே பொத்தானை மீண்டும் அழுத்து. என் பழைய மானிட்டர் இந்த ஒரு செயலிலேயே சரியானது. கேபிளின் திருகுகளையும் இரு முனைகளிலும் இறுக்கிவிடு.

அப்போதும் சரியாகாவிட்டால், சமிக்ஞையின் நேர அளவுகளைப் பார்க்க வேண்டும். 1920×1080 திரைக்கு 60 ஹெர்ட்ஸில் வழக்கமாக அனுப்பப்படும் சமிக்ஞையில் ஒரு வரிக்கு 2200 பிக்சல் நேரம், அதாவது 2200 பிக்சல்களை அனுப்பும் அளவு நேரம், உண்டு. படம் அதில் 1920 மட்டுமே, மீதி 280 பிக்சல் நேரம் வெற்றிடம், அதன் நடுவே 2008 முதல் 2052 வரை, ஒரு வரி முடிந்தது என்று மானிட்டருக்குச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பு. இணையத்தில் பலரும் சொல்வதைக் கேட்டு நேர அளவுகளைக் கணக்கிடும் 'சிவிடி' (cvt) கட்டளை தரும் வரியை அப்படியே ஒட்டினால், அது வரியின் மொத்த நீளத்தை 2576 ஆக்கிவிடும். மானிட்டர் எதிர்பார்க்கும் கணக்கு அது இல்லை என்பதால் படம் மேலும் நகரக்கூடும். நீ அப்படி ஏதும் ஒட்டியிருந்தால் முதலில் அதை நீக்கு. வழக்கமான அளவுகளை வைத்துக்கொண்டு, துடிப்பின் இரண்டு எண்களையும் பதினாறு குறைத்து 1992, 2036 என்று கொடுத்தால், துடிப்பு முன்னதாகவே வந்துவிடும். அதற்கும் அடுத்த வரியின் படத்துக்கும் இடையிலான இடைவெளி நீண்டு, படம் வலப்பக்கம் பதினாறு பிக்சல் நகரும். போதாவிட்டால் இன்னும் குறை. ஆனால் முதல் எண் 1920-க்குக் கீழே போகக் கூடாது.

இதைச் செய்ய, திரை அளவுகளை மாற்றும் 'எக்ஸ்ரேண்டர்' (xrandr) கட்டளை போதும். புதிய அளவுக்கு மாற்றும் கட்டளையோடு அதே வரியில் பதினைந்து விநாடி காத்திருந்து பழைய அளவுக்குத் திரும்பும் கட்டளையையும் சேர்த்து எழுது. திரை இருண்டுபோனாலும் நீ எதையும் தொடாமல் படம் திரும்பி வரும். இந்த எச்சரிக்கையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதே. லினக்ஸில் திரையைக் கையாளும் முறைகள் வேலேண்ட், எக்ஸ் என இரண்டு. வேலேண்ட் அமர்வில் இக்கட்டளையால் அளவு மாறாது, ஆகவே எக்ஸ் அமர்வில் நுழைந்து செய். கணினியை மறுபடி தொடங்கினால் மாற்றம் போய்விடும் என்பதால், சரியான எண் கிடைத்த பிறகு அந்த வரிகளை உன் முகப்புக் கோப்புறையில் உள்ள 'எக்ஸ்புரொஃபைல்' (.xprofile) என்ற மறைகோப்பில் எழுதி வை.

இன்றிரவு வெள்ளைப் படத்தை வைத்து ஆட்டோ பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, நான்கு மூலைகளும் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பு. எண்களை மாற்றும் வேலை தேவைப்பட்டால், தொலைபேசியில் பேசிக்கொண்டே இருவரும் சேர்ந்து செய்வோம்.

அன்புடன்,
அம்மா