செயலாளரின் ஆண்டறிக்கை: மலைப் பூச்சிகளும் மரபணுப் பன்மையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், களப்பயணங்கள், படப்பதிவுகள் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. விவரங்கள் சுற்றறிக்கைகளில் வந்துவிட்டதால் மறுபடி வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவும் சண்டையிடவும் வைத்த ஒரு பொருளுக்கே இந்த அறிக்கையில் இடம் ஒதுக்குகிறேன்.

சென்ற பேரவையில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார்: "வருடா வருடம் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணுகிறோம். எண்ணிக்கை குறையவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தமா?" அன்று யாரிடமும் பதில் இல்லை. வாசிப்பு வட்டம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. கிடைத்த பதில்: அப்படி அர்த்தமில்லை. எண்ணிக்கை குறையாமலே மரபணு வேறுபாடு குறைந்துபோகலாம்.

காரணம் எளிய கணக்குதான். ஒரு மலை உச்சியில் தனித்துவிட்ட கூட்டத்தில் உண்மையில் இனப்பெருக்கத்தில் பங்கேற்பவை பத்து என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் எஞ்சியிருக்கும் மரபணு வேறுபாட்டில் 5 விழுக்காடு போய்விடும். பத்துத் தலைமுறை கழிந்தால் தொடக்கத்தில் இருந்ததில் சுமார் 60 விழுக்காடுதான் மிஞ்சும். பங்கேற்பவை ஐம்பது என்றால் 90 விழுக்காடு மிஞ்சும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் பூச்சிக்குப் பத்தாண்டு என்பது நம் சங்கப் பதிவேட்டின் சில பக்கங்கள்தான். பறக்கும் தலைகளும் பங்கேற்கும் தலைகளும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சில பெண்பூச்சிகளின் முட்டைகள் மட்டுமே பிழைத்து வந்திருந்தால், நூற்றுக்கணக்கில் பறந்தாலும் அவை ஒரு சில குடும்பங்களே. ஒரு நல்ல கோடையில் எண்ணிக்கை மீண்டுவிடும். தொலைந்த அல்லீல், அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவம், அப்படி மீளாது. வெளியிலிருந்து ஒரு பூச்சி கொண்டுவர வேண்டும், அல்லது மரபணுவில் தானே நிகழும் திடீர் மாற்றத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்.

இதற்குச் சான்றாக முதலில் படித்தது பின்லாந்தின் ஓலாந்துத் தீவுகளில் இல்கா ஹான்ஸ்கியின் குழு செய்த ஆய்வு. சிறு சிறு புல்வெளிகளில் வாழும் கிளான்வில் ஃபிரிட்டிலரி வண்ணத்துப்பூச்சியில், மரபணு வேறுபாடு குறைந்த கூட்டங்களே அழியும் வாய்ப்பு அதிகம் என்று 1998-இல் காட்டினார்கள். "அது தீவு, மலை இல்லையே" என்று உடனே எதிர்ப்பு வந்தது. நியாயம்தான். எனவே மலைக்கு ஏறினோம்.

கனடாவின் ராக்கி மலைகளில் மரக்கோட்டுக்கு (மரங்கள் வளரும் மேல் எல்லைக்கு) மேலுள்ள புல்வெளிகளில் பார்னாசியஸ் ஸ்மிந்தியஸ் என்ற வெண்ணிற வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. இரண்டு புல்வெளிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதைவிட, அந்தத் தூரத்தில் எவ்வளவு காடு நிற்கிறது என்பதே அவற்றின் மரபணுத் தொடர்பை அதிகம் பாதிக்கிறது என்று 1999-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மரக்கோடு மேலேற ஏற, புல்வெளிகளுக்கு நடுவே சுவர் எழும்புகிறது. எங்கே வெற்றிடம் கண்டாலும் மரக்கன்றோடு கிளம்பும் நம் உற்சாகத்துக்கு இது ஓர் அடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் புல்வெளிகளில் சீகை, பைன், யூகலிப்டஸ் நட்ட வரலாற்றை இந்தக் கண்ணோடு மறுபடி வாசிக்கலாம். புல்வெளிப் பூச்சிக்கு அந்தத் தோட்டம் பசுமையல்ல, தடை.

தனிமையே கேடு என்று நினைத்துவிடக்கூடாது என்று ஒரு மூத்த உறுப்பினர் வலியுறுத்தினார். அவர் கொண்டுவந்த உதாரணம் ராக்கி மலைச் சிகரங்களின் மெலனோப்ளஸ் வெட்டுக்கிளிகள். பழங்காலப் பனியுகங்களில் இவை தாழ்விடங்களுக்கு இறங்கிப் பிரிந்து வாழ்ந்ததும், வெப்பம் திரும்பியபோது மறுபடி ஏறியதும் மரபணுவில் தடயமாக நிற்கின்றன. அந்தப் பிரிவுகளே புதிய இனங்கள் உருவாகவும் காரணமாயின. ஆனால் இப்போது நடப்பது அதுபோல் மெதுவாக நடப்பதல்ல. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். எனவே ஒரு பாகை வெப்பம் ஏறினால் பூச்சி ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போக வேண்டும். கூம்புபோன்ற மலையில் மேலே போகப் போக இடம் சுருங்கும். உச்சிக்குப் பிறகு போக்கிடமே இல்லை. கொலராடோவில் 1978-இல் கண்டறியப்பட்ட அன்கம்பாக்ரே ஃபிரிட்டிலரி என்ற வண்ணத்துப்பூச்சி 12,000 அடிக்கும் மேலே பனிவில்லோச் செடியை நம்பி வாழ்கிறது. முட்டை பூச்சியாக இரண்டு ஆண்டு ஆகும். 1991-இலேயே அருகிவரும் இனப் பட்டியலில் ஏறிவிட்டது.

தேனீ ஆர்வலர்களுக்கு ஒரு தனிச் செய்தி. பல தேனீ, குளவி இனங்களில் கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும் என்பது தெரிந்ததே. கருவுற்ற முட்டையிலும் பால் நிர்ணயிக்கும் இடத்தில் இரண்டு அல்லீல்களும் வேறுவேறாக இருந்தால்தான் பெண். ஒரே மாதிரி அமைந்தால் அதுவும் ஆண்தான், பெரும்பாலும் மலடு. சிறு கூட்டத்தில் அல்லீல்கள் குறையக் குறைய இந்த வீண் ஆண்கள் பெருகும், வேலை செய்யும் பெண்கள் குறையும், கூட்டம் மேலும் சிறுக்கும். மலையில் துண்டான மகரந்தச் சேர்க்கையாளர்களைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் மறக்கக்கூடாது என்பது என் கருத்து.

இனி தீர்மானங்கள். ஒரு மலையில் மெலிந்த கூட்டத்துக்கு வேறு மலையிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விடலாமா என்ற விவாதம் கடும் சூடாக நடந்தது. தலைமுறைக்கு ஒரு புதியவர் வந்தாலே கூட்டங்கள் வெகுவாக விலகிப் போகாது என்ற மரபியலாளர் சூவல் ரைட்டின் கணக்கை ஒரு தரப்பு எடுத்துவைத்தது. மறுதரப்பு ஐரோப்பாவின் டாட்ரா மலைக் காட்டாடுகளைக் கூறியது: துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் கொண்டுவந்து கலந்ததால், குட்டிகள் பிப்ரவரிக் குளிரில் பிறந்து கூட்டமே அழிந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. என் பங்குக்கு: கலப்பதா வேண்டாமா என்பதை ஆய்வு நடத்தி அறிந்தவர்கள் முடிவு செய்யட்டும். உறுப்பினர் எவரும் வளர்த்த பூச்சியையோ வேறிடத்துப் பூச்சியையோ விடக்கூடாது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

அடுத்தது மரபணு மாதிரி. இனத்தை அடையாளம் காணப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. துண்டை, அதாவது வரிக்குறியீட்டை, மட்டும் நம்பவேண்டாம் என்று முடிவாயிற்று. அது தாய்வழியே மட்டும் வருவது. தவிர, பூச்சிகளின் உடலுக்குள் வாழும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா பரவும்போது தன்னோடு ஒரு மைட்டோகாண்ட்ரியா வகையையும் இழுத்துப்போய்விடும். அதைப் பார்த்து, கூட்டமே ஒருகாலத்தில் சுருங்கியது என்று தவறாக முடிவெடுக்க இடமுண்டு. மாதிரிக்கு இறந்து கிடக்கும் பூச்சியின் ஒரு கால் போதுமானது. சீட்டில் நாள், இடம், உயரம், சேகரித்தவர் பெயர் இல்லாத மாதிரியை ஏற்பதில்லை.

களப்பதிவுப் படிவத்தில் புதிய வினாக்கள் சேர்க்கப்பட்டுள்ளன: அருகிலுள்ள அடுத்த வாழிடம் எங்கே, நடுவில் என்ன நிற்கிறது, பூச்சியில்லாத வாழிடம் எது. கடைசி வினாவை "இல்லாததை எப்படி எழுதுவது" என்று சிலர் கேலி செய்தார்கள். எழுதுங்கள். வெறுமையாகும் இடங்களின் பட்டியல் இல்லாவிட்டால், கூட்டங்கள் பிரிந்துபோவது நம் கண்ணில் படாது.

இந்த அறிக்கையையும் மேற்கண்ட தீர்மானங்களையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்து பொருளாளரை அழைக்கிறேன்.

செயலாளர்