400 குதிரைத்திறன் டர்போவும் நம் ஊர் வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவர்கள் கம்பெனி டர்போவை (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கழற்றிவிட்டு ஐஎஸ்38 என்ற பெரிய டர்போவை மாட்டினால் 400 குதிரைத்திறன் கிடைக்கும் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது குளிர்ந்த காற்றில், 98க்கு மேல் ஆக்டேன் உள்ள பெட்ரோலில், முன்னால் பெரிய விசிறி ஓட, சக்தியை அளக்கும் டைனோ மேடையில் வரும் எண். மே மாதம் திருச்சி புறவழிச் சாலையில் ஓட்டப்போகிறவர் அதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. இந்த வண்டியை வாங்கியவர்கள் ஆசைப்பட்டு வாங்கியவர்கள். எஞ்சின் உடைந்து வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் நீண்டுவிட்டது.

2017இல் இங்கே வந்த ஆர்எஸ்230 வண்டியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1,984 சிசி ஈஏ888 மூன்றாம் தலைமுறை எஞ்சின். 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். அதன் டர்போ ஜப்பானின் ஐஎச்ஐ நிறுவனம் தயாரித்த ஐஎஸ்20. ஐஎஸ்38 என்பதும் அதே ஐஎச்ஐ குடும்பம்தான். கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 வண்டிகளுக்காக வந்த பெரிய அண்ணன். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் டர்போ நேராக ஹெட்டிலேயே உட்காரும். ஐஎஸ்38உம் அதே போல்ட் துளைகளில் அப்படியே உட்கார்ந்துவிடும். சுலபமாக மாட்ட முடிகிறது என்பதே பலரை ஏமாற்றுகிறது. ஐஎஸ்38 வரும் எஞ்சினில் பிஸ்டன் வேறு, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதம்) 9.3. ஆர்எஸ் எஞ்சினில் அது 9.6. அதே பூஸ்ட்டை (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொடுத்தால் நம் எஞ்சின் முன்னதாகவே நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும்.

டர்போவைத் தேர்வு செய்யும்போது முதலில் போட வேண்டியது காற்றுக் கணக்கு. 6,500 ஆர்பிஎம்மில், 1.4 பார் பூஸ்ட்டில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய காற்று 50 டிகிரியில் இருந்தால், இந்த எஞ்சின் நொடிக்குச் சுமார் 265 கிராம் காற்றை இழுக்கும். ஒரு குதிரைத்திறனுக்கு நொடிக்கு 0.75 கிராம் காற்று என்று வைத்தால் 350 குதிரைத்திறன் வரும். 300 போதும் என்றால் 225 கிராம் போதும். அதை ஐஎஸ்20 டர்போவே, மூச்சு முட்டினாலும், கொடுத்துவிடும். அதற்கு மேல் கேட்டால்தான் பெரிய டர்போ என்ற பேச்சே எழ வேண்டும்.

சின்ன டர்போவை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் என்ன ஆகும்? அது காற்றை அழுத்துவதைவிட அதிகமாகச் சுட வைக்கும். வெளியே 40 டிகிரி வெயில், அழுத்த விகிதம் (டர்போவிலிருந்து வெளிவரும் அழுத்தம் உள்ளே போகும் அழுத்தத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 2.55 என்று கொள்வோம். டர்போவில் காற்றை அழுத்தும் பாதியான கம்ப்ரெஸர் 70 சதவீதத் திறனில் வேலை செய்தால் வெளிவரும் காற்று 177 டிகிரியில் இருக்கும். திறன் 60 சதவீதத்துக்கு இறங்கினால் அதே காற்று 200 டிகிரி. அந்த 23 டிகிரியையும் இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும். அது ஏற்கெனவே ஏசி கண்டென்ஸரின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே சரியான அளவு டர்போ என்றால் நமக்கு வேண்டிய காற்றளவில் நல்ல திறனோடு ஓடுகிற டர்போ. மிகப் பெரியதை மாட்டினாலும் வேறு விதத்தில் தொல்லைதான். கம்பெனி டர்போ 1,500 ஆர்பிஎம்மிலேயே முழு முறுக்கு விசையையும் தந்துவிடுகிறது. ஐஎஸ்38 முழு மூச்சு எடுக்க ஏறக்குறைய 3,000 ஆக வேண்டும். கிண்டியிலிருந்து தாம்பரம் வரை தினமும் 2,000 ஆர்பிஎம்மில் ஊர்கிறவருக்கு அது பழைய வண்டியைவிட மந்தமாகவே தெரியும்.

மலை ஏறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. எஞ்சின் மென்பொருளை மாற்றித் தரும் ட்யூனர்களில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 0.77 பார். எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ, காற்று நுழையும் மேனிஃபோல்டில் தேடுவது முழு அழுத்தம், அதாவது வெளிக்காற்றின் 1 பாரும் பூஸ்ட் 1.4 பாரும் சேர்ந்த 2.4 பார். சென்னையில் அதைத் தர, ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் இழப்பதைச் சேர்த்து, டர்போ 2.55 விகிதத்தில் சுற்றினால் போதும். ஊட்டியில் அதே 2.4 பாருக்கு விகிதம் 3.4ஐத் தொடும். ஷாஃப்ட் வேகம் எல்லையைத் தாண்டும். பேரிங் தேயும், சில சமயம் டர்போவின் சக்கரமே உடையும். கம்பெனி மேப்பில் (ஈசியூவின் மென்பொருள்) உயரத்துக்கேற்ப பூஸ்ட்டைக் குறைக்கும் அட்டவணை இருக்கிறது. சக்தி குறைகிறது என்று சொல்லி அதைத் தூக்கிவிடும் மேப்கள் உண்டு. 'அழுத்த விகித வரம்பை என்ன செய்தீர்கள்?' என்று ட்யூனரிடம் கேளுங்கள். கேள்வியே புரியாதவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் கலப்பு நாக் அடிப்பதைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் ஒரு கிலோ பெட்ரோலை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், ஒரு கிலோ இ20க்கு ஏறத்தாழ 13.5 கிலோ போதும். திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஐஎஸ்38 மாட்டிய வண்டியில் பெட்ரோலை உயர் அழுத்தத்தில் தள்ளும் ஹை பிரஷர் பம்ப் ஏற்கெனவே தன் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்த ஒன்பது சதவீதம் அந்த எல்லையைத் தாண்ட வைக்கும். 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு என்று போட்ட மேப்பிலும் சிக்கல் இருக்கிறது. பெருநகரத்தில் அந்தப் பெட்ரோல் கிடைக்கும். திண்டுக்கல் தாண்டித் தேனி போகும் வழியில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சாதாரணப் பெட்ரோலுக்கென இரண்டாவது மேப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

டைனோ தாளில் உள்ள உச்ச எண்ணைவிட, ஓடும்போது சென்சார்கள் காட்டுவதைப் பதியும் டேட்டா லாக் முக்கியம். மூன்றாம் கியரில் 2,000 முதல் 6,500 வரை ஒரே இழுப்பு. டைனோவிலோ மூடிய பாதையிலோ மட்டும். அதைத் தொடர்ந்து மூன்று முறை எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் முதல் இழுப்பில் எல்லா வண்டியும் நன்றாகவே இருக்கும். கேட்ட பூஸ்ட்டும் வந்த பூஸ்ட்டும் ஒத்துப்போக வேண்டும். உபரிப் புகையை டர்போவைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் முழுதாக மூடியிருந்தும் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் சரிந்தால், ஒன்று எங்கோ காற்றுக் கசிவு, இல்லையென்றால் டர்போவிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. உள்ளிழுக்கும் காற்று 45 டிகிரியில் தொடங்கி இழுப்பின் முடிவில் 75ஐத் தாண்டினால் குறை இன்டர்கூலரில். டர்போவை மாற்றி அது தீராது. இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம் (ரெயில் பிரஷர்) 200 பார் கேட்டு 160தான் வந்தால் எரிபொருள் போதவில்லை. அந்த நொடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். நாக் காரணமாக ஒரே சிலிண்டரில் மட்டும் நான்கு டிகிரிக்கு மேல் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்வாங்கினால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாருங்கள். நான்கிலும் பின்வாங்கினால் பெட்ரோலும் சூடும்தான் காரணம்.

என் கருத்தைக் கேட்டால், தினமும் ஓட்டும் வண்டிக்கு ஐஎஸ்20 டர்போவே இருக்கட்டும். நல்ல இன்டர்கூலர், புதுப் பிளக், நிதானமான மேப். 280, 290 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். இதற்குப் பிறகும் போதவில்லை என்கிறவர்தான் ஐஎஸ்38 பக்கம் போகலாம். அதிலும் 3,500 ஆர்பிஎம்முக்குக் கீழே முறுக்கு விசையை அடக்கி வைத்த மேப் வேண்டும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைப்பது மேலே வரும் குதிரைத்திறன் அல்ல, கீழே திடீரென்று பாயும் முறுக்கு விசை. பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.6 மில்லிமீட்டர், 20,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸையும் மறந்துவிடக் கூடாது. ஆர்எஸ்230இல் இருப்பது ஆறு கியர் டிக்யூ250, எண்ணெயில் ஊறும் கிளட்ச். முறுக்கு விசை 450 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் டிஎஸ்ஜி (இந்தத் தானியங்கி கியர்பாக்ஸ்) மேப்பில் கிளட்ச் அழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இல்லையென்றால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. சில ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் கருகிய வாடை வந்துவிடும். எண்ணெயையும் ஃபில்டரையும் 60,000க்குப் பதில் 40,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். போலோ ஜிடி டிஎஸ்ஐ, விர்டஸ் 1.5, ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஜி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களுடையது டிக்யூ200, உலர் கிளட்ச், தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். 1.5 எஞ்சின் கம்பெனியிலிருந்தே அந்த 250ஐத் தருகிறது. அதற்கு மேல் பெரிய டர்போ மாட்டுவது கிளட்சுக்குக் கொள்ளி வைப்பது.

ஐஎஸ்38 பெரும்பாலும் வெளிநாட்டுப் பழைய வண்டியில் கழற்றியதாகவே கைக்கு வரும். வாங்கும்போது வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கம்ப்ரெஸர் நட்டை இரண்டு விரலால் பிடித்து உள்ளும் வெளியுமாக இழுத்தால் அசைவே தெரியக் கூடாது. பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கலாம், அது எண்ணெய்ப் படலம் நிற்கும் இடம். சக்கரத்தைச் சுற்றியுள்ள அலுமினியச் சுவரில் நிலாப்பிறை போல ஒரு பளபளப்பு தெரிந்தால், இறகு அங்கே உரசியிருக்கிறது. கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இறகு நுனி மழுங்கியிருந்தாலும் அப்படித்தான். ஹைப்ரிட் என்று சொல்லி உள்ளே பெரிய சக்கரம் போட்டுத் தருபவர்களிடம் பேலன்ஸ் செய்த அறிக்கையைக் கேளுங்கள்.

மாட்டும்போது கெடுவதுதான் அதிகம். பழைய ஆயில் குழாயை மறுபடி போடவே கூடாது. அதன் உட்சுவரில் கருகிய கரி ஒரு நாள் பிய்ந்து போய் பேரிங்கை அடைக்கும். காஸ்கெட், செப்பு வாஷர், ஓ ரிங், ஸ்டட், நட் எல்லாம் புதிது. பழைய டர்போ உடைந்து போனது என்றால் இன்டர்கூலருக்குள் உலோகத் துகளும் எண்ணெயும் தேங்கியிருக்கும். கழுவுவதைவிட மாற்றுவது மேல். ஆயில் துளையில் 20, 30 மில்லி சுத்தமான எண்ணெய் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிறகு இன்ஜெக்டர் வேலை செய்யாதபடி துண்டித்துவிட்டு பத்துப் பத்து நொடியாக மூன்று முறை ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டுங்கள். எண்ணெய் போய்ச் சேரும். இந்த டர்போவின் வேஸ்ட்கேட் மின்மோட்டாரால் இயங்குவது. கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, ஸ்கேனர் வைத்து அதற்குப் புது நிலையைக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் பூஸ்ட் ஏறி இறங்கி ஆடும். ஓட்டுவதற்கு முன் காற்றடித்துக் கசிவு பாருங்கள். 500 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றம், அதற்குப் பிறகு 7,500க்கு ஒரு முறை.

புது டர்போ மாட்டிய சில நாளில் குழாயில் எண்ணெய் கசிந்தால் 'சீல் போச்சு' என்று உடனே கழற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் சீல் போயிருக்காது. ஆயில் திரும்பும் குழாய் மடிந்திருக்கும், அல்லது எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வின் ரப்பர் கிழிந்து எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறியிருக்கும். எண்ணெய் இறங்க வழியில்லாமல் டர்போ வழியே வெளியேறுகிறது. இதைப் பார்க்காமல் இரண்டாவது டர்போ மாட்டினால் அதுவும் கசியும்.

சட்டத்தைப் பற்றி உங்கள் கட்டுரை வாயே திறக்கவில்லை. ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவை அடுத்த புகைக் குழாய்) சாலைக்கு ஆகவே ஆகாது. அது போகும் வழியெல்லாம் நச்சுப் புகையை மற்றவர் மூச்சில் விடுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால் விபத்து இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே தடையாக நிற்கும். முழு வேகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குதிரைத்திறன் எண்ணை அச்சிடும்போது, எந்தப் பெட்ரோல், எத்தனை டிகிரி வெயில், வண்டிச் சக்கரத்தில் அளந்ததா எஞ்சினுக்குக் கணக்கிட்டதா என்பதையும் அதன் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்