மண்டபத்து மணிக்கூட்டை விற்காதீர்கள்: நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை பின்னேரம் கதிரை எடுக்கவென்று, முன்பு தேவாலயமாக இருந்த எங்கள் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள கொட்டிலுக்குப் போனேன். அங்கேதான், தேவாலயத்துக்காரர் எங்களிடம் விட்டுப்போன அந்த நெட்டை ஊசல் மணிக்கூட்டைக் கண்டேன். தார்ப்பாய் ஒன்றின்மேல் மல்லாக்கக் கிடந்தது. அதற்கு மேலே இரண்டு பெயின்ற் வாளிகள்.

என்ன நடந்தது, எந்தக் கூட்டத்தில் யார் முன்மொழிந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை நான் இங்கே கிளறவில்லை. என் வேண்டுகோள் இரண்டுதான். மணிக்கூட்டை விற்கும் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். அதன் ஊசலும், இயந்திரத்தை ஓட்டுகிற இரண்டு பாரக் குண்டுகளும் எங்கே போயின என்று தேடித் தாருங்கள். இதைக் கேட்டு மூன்று தரம் வட்ஸ்அப்பில் எழுதினேன், ஒரு மின்னஞ்சலும் போட்டேன். "பாப்பம் அண்ணை" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

கூட்டக் குறிப்பில் "ஓடாத பழைய மணிக்கூடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்தான் என்னை இரவு நித்திரை கொள்ள விடவில்லை. ஒன்பது வருடம், ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஒன்பதரைக்கு, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வருவதற்கு முன் நான் சாவி கொடுத்து ஓடிய மணிக்கூடு அது. கிழமைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிழை விட்டதில்லை. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு நேரம் மாறும்போது முள்ளைப் பின்னுக்குத் தள்ளாமல், ஊசலை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, பிறகு தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அது நிற்கத் தொடங்கியது போன வருடம் சுவருக்குப் பெயின்ற் அடித்த பிறகுதான். பெட்டியின் முதுகைச் சுவரோடு பிடித்திருந்த திருகாணியைக் கழற்றினார்கள். திரும்பப் பூட்டவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

இந்த நெட்டை மணிக்கூடுகளின் ஊசல் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். ஒரு பக்கம் போக ஒரு விநாடி, திரும்பி வர ஒரு விநாடி. பெட்டி சுவரோடு இறுகி நிற்காவிட்டால் ஊசலோடு சேர்ந்து பெட்டியும் மயிரிழை ஆடும். ஞாயிறு மேலே ஏற்றிய குண்டுகள் புதன், வியாழன் அளவில் ஊசல் குண்டின் மட்டத்துக்கு இறங்கும். அப்போது அவையும் தொங்கியபடி ஆடத் தொடங்கி, ஊசலுக்குப் போகவேண்டிய பலத்தைக் குடித்துவிடும். மணிக்கூடு நின்றுவிடும். இங்கே மணிக்கூடு திருத்துகிற எவரைக் கேட்டாலும், "புதன்கிழமை நிற்கிறதா? சுவரோடு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்" என்றுதான் முதலில் சொல்வார். இந்த வருத்தத்துக்கு மருந்து ஒரு திருகாணி. இதை இரண்டு தரம் நேரில் சொன்னேன். புதுப் பெயின்ற் அடித்த சுவரில் துளை போட ஏலாது என்றீர்கள். பிறகு அது புதன்கிழமை தோறும் நின்றதையே காரணம் காட்டி, "ஓடாத மணிக்கூடு" என்று தீர்மானம் எழுதினீர்கள். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கிடத்திய விதத்தையும் சொல்லவேண்டும். தூக்கிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த மணிக்கூட்டை அசைப்பதென்றால் முதலில் தலைப் பெட்டியை முன்னால் இழுத்துக் கழற்ற வேண்டும். குண்டுகளைக் கொக்கியிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு ஊசல். பிறகு இயந்திரத்தை அதன் பலகையோடு தூக்க வேண்டும். கடைசியாகத்தான் பெட்டி. எங்கள் மணிக்கூட்டை எல்லாம் உள்ளே இருக்கச் சரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குண்டும் ஆறு கிலோவுக்கு மேல். ஒன்று உருண்டு போய் அடிப்பலகையைப் பிளந்திருக்கிறது. குண்டு தொங்கிய குடல்நரம்புக் கயிறு உருளையை விட்டு வெளியேறிச் சக்கரத்துக்குள் சிக்கியிருக்கிறது. ஊசல் தொங்குகிற, கடதாசி போல மெல்லிய உருக்குத் தகடு முறிந்திருக்கிறது. முகப்பை மூடிய கண்ணாடியும் உடைந்துவிட்டது.

இவை எல்லாம் திருத்தக்கூடியவை. என்னால் தாங்க முடியாதது அந்த நிலவுக்கு நடந்ததுதான்.

முகப்பின் மேல் வளைவில் ஒரு நிலவு உண்டு என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. ஒரு வட்டத் தகட்டில் இரண்டு நிலவு முகங்கள். அவற்றுக்கிடையே ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மற்றப் பக்கம் மரமும் சிறு வீடும். தகட்டின் விளிம்பில் 118 பற்கள். நாளுக்கு இரண்டு பல் நகரும். ஒரு நிலவு வளர்ந்து தேய்ந்து மறைய இருபத்தொன்பதரை நாள், அது போய் மற்ற நிலவு எழும்பி வரும். இரண்டு பக்கத்திலும் நிலவை மறைக்கிற அரைவட்டங்களில் பூமியின் இரண்டு பாதிகளையும் வரைந்திருக்கிறார்கள். கிழக்குப் பாதியில், இந்தியாவுக்குக் கீழே, கடுகளவு ஒரு பொட்டு. அது எங்கள் ஊர்.

இப்படிச் சாயம் தீட்டிய வெள்ளை முகப்புகள் பேர்மிங்ஹாமில் 1770களில் வரத் தொடங்கின. அதற்கு முன் பித்தளை முகப்புத்தான். தெருவிளக்கு இல்லாத அந்தக் காலத்தில் எந்த இரவில் வெளிச்சம் இருக்கும், எந்த இரவில் வண்டி கட்டிப் போகலாம் என்று பார்க்கத்தான் நாட்டுப்புறத்து ஆங்கிலேயர் நிலவு வைத்த மணிக்கூடு வாங்கினார்கள். எங்கள் மண்டபத்தில் அதைப் பறுவம், அதாவது முழுநிலவு நாள், பார்க்கப் பயன்படுத்தினோம். எண்பது கடந்த ஒரு அம்மா, பெயர் வேண்டாம், உங்கள் எல்லாருக்கும் தெரிந்தவர். போனில் எழுத்து வாசிக்க அவருக்குக் கண் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மணிக்கூட்டுக்கு முன்னால் நின்று நிமிர்ந்து பார்ப்பார். "தம்பி, இன்னும் நாலு நாள் இருக்கு என்ன?" என்பார். சித்திரைப் பறுவ விரதத்தை அவர் அப்படித்தான் கணக்குப் பார்த்துப் பிடித்தார், தன் தாயை நினைத்து. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வளர்பிறை, தேய்பிறை என்ற சொற்களை நான் அந்தத் தகட்டைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது ஒரு நிலவின் கன்னத்தில் சாயம் பெயர்ந்து, உள்ளே இருக்கும் இரும்புத் தகடு தெரிகிறது. கண் ஒன்று போய்விட்டது. போன ஞாயிறும் அந்த அம்மா வந்தார். வெறும் சுவரைப் பார்த்தார். இப்போது அங்கே இருக்கும் பற்றரி மணிக்கூட்டைப் பார்த்தார். "அது எங்கை?" என்று என்னைக் கேட்டார். திருத்தக் கொடுத்திருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை உண்மையாக்கித் தாருங்கள் என்றுதான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு உறுப்பினர் கூட்டத்தில், "இது வெள்ளைக்காரன்ரை சாமான், எங்களுக்கு ஏன்?" என்று கேட்டதாக அறிந்தேன். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பெட்டியின் மஹோகனி கரிபியன் பக்கத்து மரம். 1721இல் தீர்வை நீக்கிய பிறகு இங்கிலாந்துக்குள் கப்பல் கப்பலாக வந்தது. வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இதை மறைத்துவிட்டு மரத்தின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வராது. ஆனால் பெட்டியை எறிவதால் அந்தக் கதை இல்லாமல் போகுமா? கதவைச் சுற்றி ஒரு விரல் அகலத்தில் பொன் மஞ்சள் பட்டி ஒன்று பதித்திருக்கிறதே, அதைக் கவனித்திருக்கிறீர்களா? பார்க்க வந்த தளபாடத் தச்சர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது கிழக்கிந்திய சட்டின்வூட் என்றார். அதுதான் எங்கள் முதிரை. வன்னிக் காட்டு முதிரை. அப்பாவின் பட்டறையில் அது சீவும்போது வருகிற மணம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. பெட்டிக்குப் பூசியிருக்கும் பிரெஞ்ச் பொலிஷ் என்பதும் வேறொன்றும் இல்லை, இந்தியாவிலிருந்து வந்த அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் படை படையாக ஏற்றியது. ஆகவே அதை முழுக்க அந்நியச் சாமான் என்று சொல்லாதீர்கள்.

கதிரைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தேவாலயத்துக்காரர் விட்டுப்போன பன்னிரண்டு வின்ட்சர் கதிரைகள். எல்ம் மரத்து இருக்கை, பீச் மரத்துக் கால். ஹை விக்கம் பக்கத்துக் காடுகளில் ஆட்கள் கொட்டில் போட்டு இருந்து, பச்சை மரத்தை மிதிகடைசலில் கடைந்து கால் செய்த பரம்பரை அது. ஒரு ஆணி கிடையாது. எத்தனையோ பேர் இருந்து எழும்பியதால் இருக்கையின் விளிம்பு உள்ளங்கை போல வழுவழுப்பாகியிருந்தது. கலியாணப் படங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று இயந்திரத்தால் தேய்த்து வெள்ளைப் பெயின்ற் அடித்துவிட்டீர்கள். நூறு வருடம் கைபட்டு வந்த மெருகு ஒரு பின்னேரத்தில் தூசியாகப் போனது. அது திரும்ப வராது.

எங்கள் சனம் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டது. நானும் அந்தச் சனத்துக்குள் நடந்தவன். அப்பா செய்த முதிரை அலுமாரி, அம்மாவின் தையல் மேசை, சுவரில் தொங்கிய மணிக்கூடு, ஒன்றையும் திரும்பக் காணவில்லை. திரும்பிப் போனபோது கதவு நிலை கூட இல்லை. ஒரு சாமானை இழப்பது என்றால் என்னவென்று இந்த நாட்டில் எங்களைவிட ஆருக்குத் தெரியும்? அப்படியிருக்க, இன்னொரு சனம் இருநூறு வருடம் காப்பாற்றி எங்களை நம்பி விட்டுப்போனதை நாங்கள் ஸ்கிப் என்கிற குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் போடுகிறோம். ஐந்து வருடத்தில் ஊதிப்போகும், மரத்தூளை ஒட்டிச் செய்த சிப்போட் மேசையைத் தவணைக்கு வாங்குகிறோம். சனம் ஆளுக்காள் குறைந்து கட்டடத்தை விற்ற நாளில், அந்தத் தேவாலயத்து முதியவர் என் கையில் சாவியைத் தந்து, "ஞாயிற்றுக்கிழமைகளில் மறக்காதே" என்று மட்டும்தான் சொன்னார். அவர் இன்று இல்லை. இருந்தால் நான் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன்?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிப் போய்விட்டேன்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். வீடு காலி செய்கிற ஒருவர் நாற்பது பவுண் தருவதாகச் சொன்னார் என்று அறிகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஆயிரக்கணக்கில் போன இப்படியான மணிக்கூடுகளை இன்று ஏலத்தில் சில நூறு பவுணுக்கு எடுக்கலாம் என்பது உண்மை. திருத்துகிற செலவு விற்கிற விலையைவிடக் கூட வரும் என்பதும் உண்மை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பது பவுணுக்குப் போனால் என்ன நடக்கும்? இயந்திரம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம். ஒரு மணிக்கூட்டின் இயந்திரத்தை வேறொன்றின் பெட்டிக்குள் இருத்தி விற்பதை இங்கே வியாபாரிகள் "கலியாணம்" என்றே சொல்வார்கள். முகப்பின் பின்பக்கத் தகட்டில், திருத்திய ஆட்கள் ஊசியால் கீறி வைத்த பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றன. அவற்றை யாரோ ஒருவர் துடைத்து மினுக்கிவிடுவார்.

எடுத்த தீர்மானத்தை மாற்றினால் சபைக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். 1797இல் பிரித்தானியப் பிரதமர் பிட் ஒவ்வொரு மணிக்கூட்டுக்கும் வருடம் ஐந்து ஷில்லிங் வரி போட்டார். சனம் மணிக்கூடு வாங்குவதை விட்டது, செய்கிறவர்களின் பிழைப்புப் போனது, அவர்கள் மனுக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே பாராளுமன்றம் வரியை நீக்கியது. ஒரு பாராளுமன்றம் செய்ததை ஒரு மண்டபத்து நிர்வாக சபையும் செய்யலாம்.

பணம் நான் கேட்கவில்லை. திருத்துபவர் குத்துமதிப்பாகச் சொன்ன தொகையில் பாதியைப் பதினொரு குடும்பங்கள் தருவதாகச் சொல்லிவிட்டன. மிச்சம் என் பொறுப்பு. குண்டு வேறு வாங்கலாம், ஊசலும் புதிதாகச் செய்விக்கலாம் என்று அவர் சொன்னார். ஆனால் பழையது கிடைக்குமென்றால் ஏன் புதிது? ஊசலில் ஒரு மில்லிமீற்றர் கூடிக் குறைந்தால் நாளுக்கு 43 விநாடி பிசகும். இருநூறு வருடம் இந்த இயந்திரத்தோடு பழகிய ஊசல் அது. பழைய ஈயம் என்று நினைத்து யாராவது இரும்புக் கடைக்குக் கொடுத்திருந்தால் கடையின் பெயரை மட்டும் சொல்லுங்கள், நான் போய்க் கேட்கிறேன். யார் கொடுத்தது என்று கேட்க மாட்டேன்.

ஆகவே தயவு செய்து, வருடாந்தப் பொதுக்கூட்டம் வரைக்கும் விற்பனையை நிறுத்திவையுங்கள். கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். ஊசலையும் குண்டுகளையும் தேடித் தாருங்கள். கொட்டிலுக்குள் ஈரம் இருக்கிறது, ஏற்கெனவே ஒரு மூலையில் மேல்தோல் பலகை கிளம்பத் தொடங்கிவிட்டது. கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல் இந்தக் கிழமையே அதை உள்ளே எடுத்து நிமிர்த்தி வைக்க அனுமதி தாருங்கள். அந்தப் பெயின்ற் வாளிகளை மட்டும் நானே எடுத்து வைத்துவிட்டேன், கேளாமல் செய்ததற்கு மன்னிக்கவும்.

வருகிற ஞாயிறு ஒன்பதரைக்குத் திருத்துபவரோடு மண்டப வாசலில் நிற்பேன். கொட்டில் திறப்பு செயலாளரிடம் இருக்கிறது. யாராவது ஒருவர் வந்து திறந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுத்து வந்த உங்கள் அங்கத்தவன்