'நாளை' எப்போது 'மறுநாள்' ஆகிறது? ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

குடியாத்தத்தில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ரிப்போர்ட்டட் ஸ்பீச் (ஒருவர் சொன்னதை நம் வாக்கியத்தில் எடுத்துச் சொல்வது) அட்டவணையை ஒப்பித்தாள். 'நவ்' வந்தால் 'தென்', 'ஹியர்' வந்தால் 'தேர்', 'டுமாரோ' வந்தால் 'த நெக்ஸ்ட் டே'. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஏன் மாறுகிறது என்று கேட்டால் முழிக்கிறாள்.

நோட்டை மூடச் சொன்னேன். "உங்க அப்பா காட்பாடியில இருந்து போன் பண்ணி, 'நான் நாளைக்கு இங்கேயே தங்கிடுவேன்'னு சொல்றார். நாலு நாள் கழிச்சு, குடியாத்தத்துல இருந்துகிட்டு அதைத் தமிழ் வகுப்புல எழுதுற மாதிரி சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்து, "தான் மறுநாள் அங்கேயே தங்கிவிடுவதாக அப்பா சொன்னார்" என்றாள். அட்டவணையில் பாதி அதிலேயே வந்துவிட்டது! தமிழ் வகுப்பில் இதற்குப் பெயர் அயற்கூற்று; அதை அவள் ஏற்கெனவே படித்திருக்கிறாள். இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்குப் புதிது இரண்டே இரண்டுதான். ஒன்று, வினைச்சொல். 'பசிக்கிறது' என்று தம்பி சொன்னதை 'பசிப்பதாகச் சொன்னான்' என்கிறோம். பசி இறந்தகாலத்துக்குப் போவதில்லை. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹங்ரி' என்பது 'ஹி செட் தட் ஹி வாஸ் ஹங்ரி' ஆகிவிடுகிறது. பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். அப்புறம் கேள்வி வாக்கியம். 'ஷி ஆஸ்க்ட் மி வேர் வாஸ் ஐ கோயிங்' என்று எழுதாத நோட்டை நான் பார்த்ததே இல்லை. கேள்வியின் சொல்வரிசை போய், 'வேர் ஐ வாஸ் கோயிங்' என்று சாதாரண வாக்கிய வரிசை திரும்ப வர வேண்டும். நேரத்தை இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

அட்டவணை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பது உங்களுக்கே தெரியும். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று ஆசிரியர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது, நிகழ்காலம் அப்படியே நிற்கலாம். அப்பா சொன்னதை அதே நாளில் பாட்டியிடம் சொன்னால் நாளை நாளையேதான். 'இன்று காலை சொன்னான்' என்று தெளிவாக இருந்த வாக்கியத்தில் 'டுமாரோ' என்றே எழுதிய பையனுக்கு ஒரு பள்ளியில் தப்புப் போட்டிருந்தார்கள். அவன் எழுதியது சரி. யோசித்து எழுதியவனுக்கு மார்க் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் அயற்கூற்றை எப்போது நடத்துகிறார் என்று கேளுங்கள். அதற்கு அடுத்த வாரமே ரிப்போர்ட்டட் ஸ்பீச்சை எடுங்கள்.

அன்புடன்,
குடியாத்தத்திலிருந்து ஒரு டியூஷன் ஆசிரியை