பேட்டரிய பெருசாக்கினா மட்டும் கரண்டு வராதுங்க

ஆசிரியர் சார், வணக்கமுங்க.

போன வாரம் விவசாயப் பக்கத்துல சின்ன ஏடிவி வண்டியில (கரடுமொரடான எடத்துலயும் ஓடற நாலு சக்கர வண்டி) மருந்தடிக்கிற பம்பு, எல்இடி லைட்டு, மொபைல் சார்ஜர் எல்லாம் ஏத்தி தோட்ட வேலைக்கு மாத்தியிருந்தத போட்டிருந்தீங்க. நல்ல ஐடியா தான், டிராக்டர் திரும்ப முடியாத எடத்துல எல்லாம் அது சுளுவா பூந்து போகும். ஆனா கடைசியில "பேட்டரிய மட்டும் பெருசா மாத்திட்டா கரண்டு பத்தலங்கிற பேச்சே இல்ல"னு முடிச்சிருந்தீங்களே, அங்க தான் எனக்கு சண்டை. பொள்ளாச்சி பக்கம் வண்டி வயரிங் வேல பாக்கறவன் நான், அந்த பேப்பர் கட்டிங்க காட்டி 9 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்ளோ கரண்டு சேத்து வைக்கும்ங்கற அளவு) பேட்டரி போட்டுக் குடுன்னு ஆளுங்க கேட்டு வந்துட்டாங்க.

பேட்டரி கரண்ட சேத்து வைக்குது, அவ்வளவுதான். உண்டாக்கறது இன்ஜினுக்குள்ள மேக்னட்டோட இருக்கற காயில். போர்ல ஒரு இஞ்சு தண்ணி தான் வருதுன்னா தொட்டிய எவ்ளோ பெருசா கட்டி என்ன புண்ணியம்? அந்த மாதிரி 110 சிசி கார்புரேட்டர் ஏடிவியில பெரும்பாலும் 12 வோல்ட்டு 4 ஏஹெச், இல்லேன்னா 5 ஏஹெச் பேட்டரி தான் வரும், காயில் நல்லா ரேஸ் பண்ணினா சுமார் 100 வாட்ஸ் குடுத்தா அதிகம், அதுலயே ஹெட்லைட்டும் எரியணும் பேட்டரியும் சார்ஜ் ஆகணும். இப்ப பம்பு ஒரு 60 வாட்ஸ்னு வைங்க, 5 ஆம்ப்ஸ் ஆச்சு. 18 வாட்ஸ் எல்இடி ரெண்டு, அது 3 ஆம்ப்ஸ். மொத்தம் 8. மருந்தடிக்கும்போது வண்டி எப்படி போகும், ஊர்ந்து தான போகும், அப்ப இன்ஜின் கிட்டத்தட்ட ஐடில்ல இருக்கும், காயில் கொஞ்சூண்டு தான் குடுக்கும், மிச்சம் பூரா பேட்டரியில இருந்து தான் உருவும். 4 ஏஹெச்ல கணக்குப்படியே அரை மணி நேரம், நெசத்துல அது கூட நிக்காது. 9 ஏஹெச் போட்டா ஒரு மணி நேரம் தள்ளலாம், அப்புறம் அதே கதை. அதவிட மோசம் என்னன்னா அந்த பெரிய பேட்டரிய இந்த சின்ன காயில் முழுசா நெப்பவே முடியாம தெனமும் அரைகுறையா நிக்கும், லெட் ஆசிட் பேட்டரிய அப்படி விட்டா பிளேட்டுல சல்பேட் படிஞ்சு சீக்கிரமே போயிரும். அப்புறம் பேட்டரி கடைக்காரன திட்டி என்ன பண்றது.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, வெல பெருசா ஒண்ணும் இல்ல. வண்டிய ராத்திரி பூரா நிறுத்தி வச்சு காலையில பேட்டரியில பாத்தா 12.6ல இருந்து 12.8 வோல்ட்டு இருக்கணும். ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுத்தா 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும். அப்புறம் பம்பு லைட்டு எல்லாத்தையும் போட்டுட்டு நீங்க வழக்கமா ஓட்டற ஸ்பீடுலயே பாருங்க, 13க்கு கீழ எறங்குதுன்னா காயில் குடுக்கறது பத்தல, பேட்டரிய தின்னுட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

பத்தலேன்னா மொதல்ல லோட கொறைங்க. ஹெட்லைட்டுல 35 வாட்ஸ் பல்பு இருந்தா நல்ல எல்இடியா மாத்தினாலே பாதி மிச்சமாகும். ஆனா சில வண்டியில ஹெட்லைட்டு நேரா காயில் ஏசியில ஓடும், ரேஸ் பண்ணினா வெளிச்சம் ஏறும் எறங்கும், அதுல எல்இடி போட்டா மினுக்கு மினுக்குனு அடிக்கும், பேட்டரியில வர்ற டிசி கரண்டுக்கு மாத்தித் தான் ஆகணும். அந்த மாதிரி வண்டியில பேட்டரிக்கு காயில் குடுக்கற ஏசி கரண்டுல பாதி அலை தான் போகுது. காயில் எர்த்த பாடியில இருந்து எடுத்து தனி வயரா வெளிய கொண்டு வந்து ஃபுல் வேவ் ரெகுலேட்டர் (முழு அலையையும் டிசியாக்கி வோல்ட்டேஜ கட்டுப்படுத்தறது) போட்டா சார்ஜிங் நல்லா ஏறும், ஸ்ப்ளெண்டர் வச்சிருக்கற பசங்க ரொம்ப நாளா பண்ற வேல தான். எர்த்த எடுக்காம ரெகுலேட்டர மட்டும் மாத்தறவங்களும் இருக்காங்க, அது வேஸ்ட்டு, காயில் சூடாகி கருகினாலும் ஆச்சரியமில்ல.

பம்புக்கு என்னைய கேட்டா வண்டி கரண்டே வேண்டாம்பேன். முதுகுல மாட்டற பேட்டரி ஸ்ப்ரேயருக்குன்னே 12 வோல்ட்டு 8 ஏஹெச், 12 ஏஹெச் பேட்டரி உரக்கடையிலயே கெடைக்குது. அத பின்னாடி கேரியர்ல கட்டி பம்புக்கு மட்டும் குடுத்துட்டு, வேல முடிஞ்சதும் வீட்டுல சார்ஜ் போட்டுக்கங்க. பம்பு பேட்டரி உக்காந்தாலும் வண்டி செல்ஃப் அடிக்கும், தோப்புக்கு நடுவுல நின்னு கிக்கர் இருக்கானு தேட வேண்டியதில்ல. வின்ச் (கம்பி சுத்தி பாரம் இழுக்கற மோட்டார்) கேக்கறவங்களுக்கும் சொல்லிடறேன், சின்ன வின்ச்சே முழு லோடுல 100 ஆம்ப்ஸ் தாண்டும், 110 சிசி வண்டிக்கு அது ஆகாத ஆச.

வயரிங் தாங்க எனக்கு நெஞ்செரிச்சல். கட்டுரையில வந்த போட்டோவுல பேட்டரி டெர்மினல்ல ஒரு ஃபியூஸ் கூட தெரியல, லைட்டு வயரு சைலன்சர ஒட்டி போகுது. பாசிட்டிவ் வயர் பேட்டரிய விட்டு வெளிய வந்த ஒடனே ஃபியூஸ் இருக்கணும், பம்புக்கு தனியா 10 ஆம்ப்ஸ், லைட்டுக்கு தனியா 5. ஃபியூஸ் காக்கறது வயரத்தான், அது அடிக்கடி போகுதுன்னு சிகரெட் அட்டையில இருக்கற வெள்ளி பேப்பர சுத்தி வச்ச வண்டிய பாத்திருக்கேன், வயர் மேல் தோல் பூரா ஓடுன மெழுகாட்டம் உருகி ஃபிரேமோட ஒட்டியிருந்துச்சு. லைட்டுக்கு ரிலே (சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) போட்டு, ரிலேவ ஆன் பண்ற ட்ரிக்கர் வயர சாவி லைன்ல இருந்து எடுங்க, அப்பத்தான் சாவிய எடுத்தா எல்லாம் ஆஃப் ஆகும். மொபைல் சார்ஜரயும் சாவி லைன்லயே குடுங்க, நேரா பேட்டரியில குடுத்தா சும்மா இருக்கும்போதே 20 மில்லி ஆம்ப்ஸ் தின்னும், ஒரு நாளைக்கு அரை ஏஹெச், ஒரு வாரம் வண்டி எடுக்கலேன்னா 4 ஏஹெச் பேட்டரி படுத்துரும். எர்த் போடற எடத்துல பெயின்ட்ட சொரண்டிட்டு டைட் பண்ணி கிரீஸ் தடவுங்க, மருந்துத் தண்ணி பட்டா டெர்மினல் பச்ச பூத்துடும்.

லித்தியம் பேட்டரி பத்தியும் கேக்கறாங்க. வெயிட் கம்மி தான், ஆனா பழைய ரெகுலேட்டர் 14.6க்கு மேல ஏத்தி விட்டா அது தாங்காது, ரெகுலேட்டர செக் பண்ணாம கை வைக்காதீங்க.

அடுத்த வாரம் எடம் இருந்தா அதே பக்கத்துல ஃபியூஸ், ரிலேயோட ஒரு வயரிங் படம் போடுங்க சார். படம் வரைஞ்சு தர நான் ரெடி.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
பொள்ளாச்சி